கூலி மேசையின் இரு பக்கங்கள்: கொங்கு மண்ணில் இடதும் வலதும்

1999 நாடாளுமன்றத் தேர்தலில் கோயம்புத்தூர் தொகுதியில் இருவர் மோதினார்கள். ஒருவர் ஆர். நல்லகண்ணு. விடுதலைக்கு முந்தைய காலத்திலிருந்தே பொதுவுடைமை இயக்கத்தில் நின்று, சிறையில் ஆண்டுகளைக் கழித்தவர். மற்றவர் திருப்பூரைச் சேர்ந்த சி.பி. ராதாகிருஷ்ணன். ஆர்.எஸ்.எஸ். வழியாகப் பாஜகவுக்கு வந்தவர். 2025 செப்டம்பரில் குடியரசுத் துணைத் தலைவரானவர். இடதும் வலதும் இவ்வளவு தெளிவாக நேருக்கு நேர் நின்ற தேர்தலைத் தமிழ்நாட்டில் தேடிப் பிடிப்பது கடினம். ராதாகிருஷ்ணன் வென்றார். 2004இல் அதே ராதாகிருஷ்ணனை இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் கே. சுப்பராயன் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்கடித்தார்.

அந்த ஐந்தாண்டில் கோவை மக்கள் வலதிலிருந்து இடதுக்கு மனம் மாறிவிட்டார்களா? 1999இல் திமுக பாஜகவோடு நின்றது. அதிமுக கம்யூனிஸ்டுகளோடு நின்றது. 2004இல் திமுக கம்யூனிஸ்டுகளின் பக்கம் வந்தது. அதிமுக பாஜகவின் பக்கம் போனது. உதயசூரியனுக்கே ஓட்டுப் போட்டுப் பழகிய வீடு, முதல் தேர்தலில் தாமரைக்கும் அடுத்த தேர்தலில் கதிர் அரிவாளுக்கும் ஓட்டுப் போட வேண்டியிருந்தது. இரட்டை இலை வீட்டுக்கு நேர் எதிர் வழி. கொள்கைக் கணக்கில் இரண்டு வீடுகளும் தலைகீழாகப் புரண்டன. அந்த வீட்டாரைக் கேட்டால், தாங்கள் இருந்த இடத்திலேயே இருந்ததாகத்தான் சொல்வார்கள்.

"இடதாவது, வலதாவது, அதெல்லாம் அந்தக் காலம்" என்று சொல்பவர்களுக்கு இது நல்ல ஆதாரமாகத் தெரியும். நான் அந்த முடிவுக்கு வரவில்லை. கோவையை ஒட்டிய சூலூர், சோமனூர், பல்லடம் வட்டாரத்தின் வரலாற்றை நிதானமாகப் பார்த்தால் இரண்டு உண்மைகள் சேர்ந்தே கிடைக்கின்றன. கட்சிகளின் பெயர்ப்பலகையாக இடதும் வலதும் இங்கே எப்போதுமே முழுதாகப் பொருந்தியதில்லை. ஆனால் கூலி, நிலம், வேலை நேரம் என்று ஒரு குறிப்பிட்ட பிரச்சினை பேச்சுக்கு வரும்போது, யார் யார் பக்கம் என்று கேட்பதற்கு இவற்றைவிட நல்ல சொற்கள் நமக்கு இன்னும் அமையவில்லை.

இருக்கையில் பிறந்த சொற்கள்

இந்தச் சொற்கள் இருக்கைகளில் பிறந்தவை. 1789இல் பிரெஞ்சுத் தேசியப் பேரவை ஒரு கேள்வியை விவாதித்தது: பேரவை இயற்றும் சட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் மன்னருக்கு வேண்டுமா? வேண்டும் என்றவர்கள் அவைத்தலைவரின் வலப்பக்கம் திரண்டார்கள். கூடாது என்றவர்கள் இடப்பக்கம். அன்றைக்கு இடது என்பதும் வலது என்பதும் ஒரு கேள்விக்குச் சொன்ன விடைகள். மனிதர்களுக்கும் கட்சிகளுக்கும் அவை பட்டமாக ஒட்டிக்கொண்டது பிற்பாடு நடந்தது.

சோவியத் ஒன்றியம் சிதறிய பின், இந்தச் சொற்களின் காலம் முடிந்தது என்று ஐரோப்பா பேசிக்கொண்டிருந்தபோது, 1994இல் இத்தாலியச் சிந்தனையாளர் நார்பர்ட்டோ பாப்பியோ ஒரு சிறு நூலில் மறுமொழி சொன்னார். சமத்துவத்தைப் பற்றிய மனப்பாங்குதான் இரண்டையும் பிரிக்கும் கோடு என்பது அவர் வாதம். மனிதரிடையே உள்ள ஏற்றத்தாழ்வுகளில் பெரும்பகுதி சமூகம் உண்டாக்கியது, அதைக் குறைக்க முடியும் என்பவர் இடது. பெரும்பகுதி இயல்பாகவே அமைந்தது, அதை அழிக்கப் போனால் கேடுதான் மிஞ்சும் என்பவர் வலது.

இந்தியாவுக்கு இந்த ஒற்றைக் கோடு போதாது என்றார்கள் அரசியல் ஆய்வாளர்கள் பிரதீப் சிப்பரும் ராகுல் வர்மாவும். 2018இல் வெளிவந்த நூலில் அவர்கள் இரண்டு கேள்விகளை முன்வைத்தார்கள். சமூக வழக்கங்களிலும் சொத்துப் பகிர்விலும் அரசு எந்த அளவுக்குக் கைவைக்கலாம் என்பது ஒன்று. ஒடுக்கப்பட்டோருக்கும் சிறுபான்மையினருக்கும் இடஒதுக்கீடு முதலியவற்றால் அரசு தனி இடம் தர வேண்டுமா என்பது மற்றொன்று. கொங்கு நாட்டைப் புரிந்துகொள்ள இரண்டு அளவுகோல்களும் வேண்டும். ஏனென்றால் இங்கே ஒரு கேள்வியில் இடப்பக்கம் நிற்பவர் அடுத்த கேள்வியில் வலப்பக்கம் நிற்பது அன்றாட வழக்கம்.

ஒரு தொகுதி, ஒரு குடும்பம், ஒரு கூட்டணி

தனியார் பஞ்சாலை முதலாளிகளின் தலைநகரம் என்று பெயரெடுத்த கோவை, கம்யூனிஸ்டுகளை எட்டு முறை மக்களவைக்கு அனுப்பியிருக்கிறது. 1957இல் பார்வதி கிருஷ்ணன், 1967இல் மார்க்சிஸ்ட் கட்சியின் கே. ரமணி, 1971இல் கே. பாலதண்டாயுதம். பாலதண்டாயுதம் 1973இல் விமான விபத்தில் இறந்ததால் வந்த இடைத்தேர்தலிலும், 1977இலும் மீண்டும் பார்வதி கிருஷ்ணன். பிறகு 2004இல் சுப்பராயன், 2009இலும் 2019இலும் மார்க்சிஸ்ட் கட்சியின் பி.ஆர். நடராஜன். 1998, 1999 ஆகிய இரு தேர்தல்களில் பாஜக.

பார்வதி கிருஷ்ணனின் குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். தந்தை ப. சுப்பராயன் திருச்செங்கோட்டுப் பக்கம் குமாரமங்கலம் ஜமீன்தார். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். மகள் மில் தொழிலாளர் சங்கத்தில் உழைத்த கம்யூனிஸ்ட். சகோதரர் மோகன் குமாரமங்கலம் கம்யூனிஸ்டாக இருந்து காங்கிரசுக்கு வந்து, இந்திரா காந்தியின் அமைச்சராக நிலக்கரிச் சுரங்கங்களை அரசுடைமையாக்கியவர். பாலதண்டாயுதம் இறந்த அதே விபத்தில் இறந்தவர். மோகனின் மகன் ரங்கராஜன் குமாரமங்கலம் வாஜ்பாயி அரசில் பாஜக அமைச்சர். மூன்று தலைமுறைக்குள் ஒரே கொங்குக் குடும்பம் இந்திய அரசியலின் ஏறத்தாழ எல்லா இருக்கைகளிலும் அமர்ந்து பார்த்துவிட்டது.

ரமணி வென்ற 1967 தேர்தல் இன்னும் வியப்பானது. 1952இல் சென்னை மாநில முதலமைச்சராக வந்த ராஜாஜி, கம்யூனிஸ்டுகளே தம் முதல் எதிரி என்று சட்டமன்றத்தில் அறிவித்தவர். 1959இல் அவர் தொடங்கிய சுதந்திரா கட்சிதான், தனியார் தொழிலுக்கும் நில உடைமைக்கும் வெளிப்படையாக வாதாடிய கட்சி. உண்மையான பொருளில் வலதுசாரிக் கட்சி. 1967இல் திமுக அமைத்த அணியில் அந்தச் சுதந்திரா கட்சியும் மார்க்சிஸ்ட் கட்சியும் சேர்ந்தே இருந்தன. காங்கிரசை வீழ்த்த வேண்டும் என்ற ஒரே நோக்கம் இருவரையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தது.

சூலூர் சட்டமன்றத் தொகுதியின் கதை குறுகியது. தொகுதி மறுசீரமைப்புக்குப் பின் 2011இல் முதல் தேர்தல், தேமுதிக வென்றது. 2016இலும், 2019 இடைத்தேர்தலிலும், 2021இலும் அதிமுக. 2019 மே 23 அன்று ஒரே நாளில் வாக்குகள் எண்ணப்பட்டபோது, சூலூர் இடைத்தேர்தலில் அதிமுகவும், சூலூரை உள்ளடக்கிய கோவை மக்களவைத் தொகுதியில் மார்க்சிஸ்ட் கட்சியும் வென்றன. யார் வெல்வார் என்பதைக் கொள்கைப் பெயர் சொல்லவில்லை. கூட்டணிக் கணக்குதான் பெரும்பாலும் சொல்லிவந்திருக்கிறது.

ஈரோட்டிலிருந்து ஒரு குறுக்குக்கோடு

கூட்டணி மட்டுமே காரணம் என்று விட்டுவிட்டால் ஆழமான செய்தி ஒன்று தப்பிப்போகும். தமிழ்நாட்டு அரசியலில் வர்க்கக் கோட்டின் குறுக்கே சாதிக் கோடு ஓடுகிறது. அந்தக் குறுக்குக்கோடு கூர்மையாகத் தெரிந்த இடங்களில் ஒன்று கொங்கு நாட்டின் ஈரோடு.

1932இல் சோவியத் ஒன்றியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பெரியார், பொதுவுடைமைத் தலைவர் சிங்காரவேலரோடு சேர்ந்து ஈரோட்டுத் திட்டத்தை வகுத்தார். சுயமரியாதையும் சமதர்மமும் ஒரே வேலைத்திட்டத்தில் இணைந்தன. அரசின் அடக்குமுறை நெருங்கியபோது, 1930களின் நடுவில் பெரியார் சமதர்மப் பரப்புரையைத் தணித்துக்கொண்டு, ஜமீன்தார்கள் நிறைந்திருந்த நீதிக்கட்சியின் பக்கம் நின்றார். ஜீவா உள்ளிட்ட சமதர்மத் தோழர்கள் பிரிந்து போனார்கள். சாதி ஒழிப்பில் அவரைவிட இடப்பக்கம் நின்றவர் இல்லை. அதே நேரத்தில் அவருடைய அரசியல் துணை பெருநில உடைமையாளர்கள்.

இந்தக் குறுக்குக்கோடு இன்றும் அழியவில்லை. 2019 ஜனவரியில் முன்னேறிய சாதியினரில் பொருளாதாரத்தில் நலிந்தோருக்குப் பத்து சதவீத இடஒதுக்கீடு வழங்கும் அரசியல் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்துக்கு வந்தது. பாஜக கொண்டுவந்த அந்தத் திருத்தத்துக்கு, குறைகளைச் சொல்லிக்கொண்டே மார்க்சிஸ்ட் கட்சி ஆதரவாக வாக்களித்தது. திமுக எதிர்த்தது. வறுமையை அளவுகோலாகக் கொண்டவர்களுக்கு அது ஏற்கத்தக்கது. சாதி இழிவை அளவுகோலாகக் கொண்டவர்களுக்கு இடஒதுக்கீட்டின் அடித்தளத்தையே அசைப்பது. இரு தரப்பும் சமத்துவத்தின் பெயரால்தான் பேசின.

வலதுக்கும் இதுபோல் இரு முகங்கள் உண்டு. கோவையில் பாஜகவின் எழுச்சியைத் தொழில் கொள்கையைக் கொண்டு விளக்க முடியாது. 1997 நவம்பரில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச்சூட்டிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தார்கள். 1998 பிப்ரவரி 14 அன்று நடந்த தொடர் குண்டுவெடிப்புகளில் 58 பேர் உயிரிழந்தார்கள். அந்த ரணம் ஆறுமுன் நடந்த தேர்தலில்தான் அதிமுக அணியில் நின்ற பாஜக கோவையை முதன்முறை வென்றது. அன்றைய வலது மத அடையாளத்தின் வலது. பொருளாதாரத்தில், பாஜக சார்ந்த அதே சங்க பரிவாரத்துக்குள் வேறு குரலும் கேட்கும்: 1955இல் தத்தோபந்த் டெங்கடி தொடங்கிய பாரதிய மஸ்தூர் சங்கம், பொதுத்துறை நிறுவனங்களை விற்பதை வாஜ்பாயி காலத்திலிருந்து எதிர்த்துவருகிறது.

மில் வாசலிலிருந்து தறிக்கூடத்துக்கு

அப்படியானால் இந்தச் சொற்களில் எஞ்சுவது என்ன? அதற்குக் கட்சி அலுவலகங்களை விட்டுவிட்டு வேலைத்தலங்களுக்குப் போக வேண்டும்.

கோவையில் 1888இல் ஸ்டேன்ஸ் மில் எழுந்தது. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் பஞ்சாலைகள் பெருகின. பெரிய மில் என்றால் பெரிய வாசல். அந்த வாசலில் ஷிப்டு மாறும் நேரத்தில் ஆயிரம் பேரைப் பார்த்துப் பேசலாம். சங்கம் அங்கேதான் வளர்ந்தது. சூலூருக்குப் பக்கத்தில், அவிநாசி சாலையில் இருக்கும் சின்னியம்பாளையத்துக்காரர்களான ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் ஆகிய நான்கு ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்கள், மில் அடியாள் ஒருவன் கொலையான வழக்கில் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். இடதுசாரி இயக்கம் ஆண்டுதோறும் அந்த நாளை நினைவுகூர்கிறது. அந்தக் காலத்து மில் வாசலில் யார் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

ரங்கவிலாஸ் மில் பிற்காலத்தில் அரசுடைமையாகித் தேசியப் பஞ்சாலைக் கழகத்திடம் வந்தது. 2020 பொதுமுடக்கத்தில் அந்தக் கழகத்தின் மில்கள் நின்றபோது, மீண்டும் ஓட்டச் சொல்லிப் பல நிறக் கொடிகளின் சங்கங்களும் சேர்ந்து போராடின.

மில்கள் மெலிந்த இடத்தில் விசைத்தறி பரவியது. சூலூரிலிருந்து சோமனூருக்குப் போகும் வழியில் ஊருக்கு ஊர் தறிச்சத்தம் கேட்கும். இங்கே மில் வாசல் கிடையாது. வீட்டை ஒட்டி ஒரு தறி குடோன், அதில் எட்டுத் தறியோ பன்னிரண்டு தறியோ. ஜவுளி உற்பத்தியாளர் பாவு நூலும் ஊடை நூலும் தருவார். கூலி விசைத்தறியாளர் தன் தறியில், தன் மின்சாரத்தில், காடாத் துணியாக நெய்து திருப்பித் தருவார். நெய்ததற்கு ரகத்தைப் பொறுத்துக் கூலி. துணி அவருடையது அல்ல, நூல் அவருடையது அல்ல. தறியும் அதன் மேல் வாங்கிய கடனும் மட்டும் அவருடையவை.

2021 நவம்பரில், அரசு முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தையில் சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதமும் பிற ரகங்களுக்கு 20 சதவீதமும் கூலியை உயர்த்துவதென்று முடிவானது. ஒப்புக்கொண்ட கூலி கைக்கு வரவில்லை. 2022 ஜனவரியில் தறிகள் நின்றன. 2025இல் மறுபடி வேலைநிறுத்தம், கருமத்தம்பட்டியில் உண்ணாவிரதம். இந்தப் பேச்சுவார்த்தை மேசையை மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் ஜவுளி உற்பத்தியாளர்கள், எதிர்ப்பக்கம் கூலி விசைத்தறியாளர்கள், நடுவில் அதிகாரிகள். இந்த மேசையில் கூலி விசைத்தறியாளர் சந்தேகமில்லாமல் இடப்பக்கம். தன் உழைப்புக்கு விலை கேட்கிறார். வலுவானவர் கொடுத்த வாக்கைக் காப்பாற்றச் சொல்லி அரசின் தலையீட்டைக் கேட்கிறார்.

அவர் வீடு திரும்பித் தறி குடோனுக்குள் நுழைந்ததும் இருக்கை மாறிவிடுகிறது. உள்ளே தறி ஓட்டிக்கொண்டிருப்பவர் இவரிடம் கூலி வாங்கும் தொழிலாளி. முன்பணம் வாங்கியிருப்பார், வெளியூரிலிருந்தோ வெளிமாநிலத்திலிருந்தோ வந்திருப்பார். கூலி ஏற்ற வேண்டும் என்று அவர் கேட்கும்போது, மேசையில் இடப்பக்கம் இருந்தவரே வலப்பக்கம் போய் உட்காருகிறார். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. உற்பத்தி முறை அவரை அப்படி இரு பக்கமும் கட்டிவைத்திருக்கிறது.

திருப்பூர் பின்னலாடைத் தொழிலைப் பற்றி 2004இல் நூல் எழுதிய சரத் சாரி, இதற்குப் பின்னுள்ள மனநிலையைக் காட்டினார். காட்டிலும் தோட்டத்திலும் பாடுபட்ட கவுண்டர் குடும்பத்து ஆட்கள் தொழிலாளியாக நுழைந்து, பிறகு முதலாளி ஆனார்கள். தங்கள் உயர்வுக்குக் காரணமாகத் தங்கள் உழைப்பையே சொன்னார்கள். 'நானும் பாடுபட்டுத்தான் வந்தேன்' என்ற சொல்லில் உண்மை இருக்கிறது. அதே சொல், நிலமோ உறவோ கடன் தரும் ஆளோ இல்லாமல் அதே அளவு பாடுபட்டும் மேலே வர முடியாத தலித் தொழிலாளியின் கேள்வியை அடைத்தும் விடுகிறது. பாப்பியோவின் கோடு இங்கேதான் ஓடுகிறது. தோட்டத்தில் உடைமையாளரைப் 'பண்ணாடி' என்றும், வேலையாளை வயது பாராமல் பெயர் சொல்லியும் கூப்பிட்ட வழக்கத்தை எந்தக் கட்சி எவ்வளவு எதிர்த்தது என்று கேட்டால், விடை பெயர்ப்பலகையைத் தாண்டிப் போகும்.

பம்ப்செட்டின் அரசியல்

உழவர் இயக்கமும் இதே பாடத்தைச் சொல்கிறது. கோவைக்கு அருகே வையம்பாளையத்தில் பிறந்த சி. நாராயணசாமி நாயுடு கட்டிய தமிழக விவசாயிகள் சங்கம், கட்சிகளை நம்பாமல் எழுந்தது. மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் 1970இல் பெருமாநல்லூரில் மூன்று உழவர்கள் துப்பாக்கிச்சூட்டில் மாண்டார்கள். 1972இல் மாட்டு வண்டிகள் கோவை நகரத்தை அடைத்து நின்றன. அந்தப் போராட்டங்களின் நீண்ட விளைவாக 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. முதலாவதைத் தந்தது எம்.ஜி.ஆர். அரசு, அடுத்ததை விரிவாக்கியது கருணாநிதி அரசு.

இது இடதா, வலதா? அரசை எதிர்த்து உயிர் கொடுத்ததும், அரசு தன் செலவில் சுமையை ஏற்க வேண்டும் என்று கேட்டதும் இடதுசாரிக் கோரிக்கையின் வடிவம். இயக்கத்தின் முதுகெலும்பாக இருந்தவர்கள் கிணறும் பம்ப்செட்டும் வைத்திருந்த நில உடைமையாளர்கள். பண்ணைக் கூலி அவர்களுடைய கோரிக்கைகளின் முன்வரிசைக்கு வரவில்லை. பம்ப்செட்டைப் போலவே விசைத்தறிக்கும் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் இலவச மின்சாரம் 2006இல் திமுக ஆட்சியில் வந்தது. 2016இல் அதிமுக அதை 750 ஆக்கியது. 2023இல் திமுக 1,000 ஆக்கியது. ஆட்சி மாறினாலும் யூனிட் குறையவில்லை. இந்த வகை உதவியில் எல்லாக் கட்சிகளும் ஒரே பக்கம்.

நிலத்தில் நிலைமை வேறு. 2022இல் அன்னூர்ப் பகுதியில் தொழிற்பூங்காவுக்கு விளைநிலம் எடுக்கும் திட்டத்தை உழவர்கள் எதிர்த்தபோது, பாஜக அவர்களுக்காகப் போராட்டம் நடத்தியது; திமுக அரசு விளைநிலங்களை எடுப்பதிலிருந்து பின்வாங்கியது. அதே பாஜகதான் 2014 இறுதியில், மத்தியில், நிலம் எடுக்க உழவரின் ஒப்புதல் வேண்டும் என்ற விதியைத் தளர்த்த அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மேற்கு வங்கத்தில் இடது முன்னணி அரசு 2006இல் சிங்கூரில் கார் தொழிற்சாலைக்கு உழவர் நிலத்தை எடுத்தது. நாற்காலியில் இருக்கும்போது ஒரு பக்கம், தெருவில் நிற்கும்போது மறுபக்கம் என்பது எல்லாக் கட்சிகளுக்கும் பழகிவிட்டது.

பன்னிரண்டு மணி நேரம்: பெயர் வேலை செய்த இடம்

இத்தனைக்கும் பிறகு ஒரு நிகழ்வு என்னை நிறுத்தி யோசிக்கவைக்கிறது. 2023 ஏப்ரல் 21 அன்று, வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நீட்ட வழிசெய்யும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தத்தைத் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியது. கொண்டுவந்தது திமுக அரசு. அந்த அரசின் கூட்டணியில் நின்று வென்ற இந்திய கம்யூனிஸ்ட், மார்க்சிஸ்ட், விடுதலைச் சிறுத்தைகள் கட்சிகள் அவைக்குள்ளேயே எதிர்த்தன. தொழிற்சங்கங்கள் எழுந்தன, திமுகவின் சொந்தத் தொழிற்சங்கமான தொமுசவும் எதிர்ப்பில் சேர்ந்தது. மூன்றே நாளில் சட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார்.

வாக்குப்பதிவு நாளன்று எல்லாரும் ஒரே அணி. எட்டு மணி நேரம் என்ற கேள்வி வந்த நாளில், அந்த அணிக்குள் ஒரு கோடு விழுந்தது. மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோதும் எதிர்ப்பில் முன்நின்றவை இடதுசாரிச் சங்கங்கள். தேர்தலில் வெற்றியைத் தீர்மானிக்காத பெயர், தேர்தலுக்குப் பிறகு எழுந்து நிற்பது யார் என்பதைத் தீர்மானித்தது. வாக்கு எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டுக் கொள்கை செத்துவிட்டது என்பவர்கள் இதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

'இடதும் இல்லை, வலதும் இல்லை' என்று தனி வழி தேடியவர்களின் அனுபவமும் நம் கண்முன்னே இருக்கிறது. 2018இல் கமல்ஹாசன் தொடங்கிய மக்கள் நீதி மய்யம் பெயரிலேயே நடுவைத் தாங்கியது. 2021இல் அவர் கோவை தெற்கில் பாஜகவின் வானதி சீனிவாசனிடம் 1,728 வாக்குகளில் தோற்றார். 2024இல் அந்தக் கட்சி திமுக அணியை ஆதரித்தது. நடு என்பது மேடையில் அறிவிக்க எளிதான இடம். கூலி 20 சதவீதம் ஏறுமா, வேலை எட்டு மணியா பன்னிரண்டா என்று குறிப்பாகக் கேட்டால், அங்கே நெடுநேரம் நிற்க முடிவதில்லை.

கேள்வியை மீட்டெடுத்தல்

நான் வேண்டுவது இதுதான். இடது, வலது என்ற சொற்களை மனிதர்மீது ஒட்டும் முத்திரையிலிருந்து விடுவித்து, 1789இல் அவை இருந்த இடத்துக்கே கொண்டுபோக வேண்டும்: ஒரு கேள்வி, அதற்கு ஒருவர் எடுக்கும் பக்கம். ஒரு கட்சியைப் பார்த்து 'நீ இடதா, வலதா' என்று கேட்டால் கிடைப்பது முழக்கம். சோமனூர் ஒப்பந்தக் கூலி கைக்கு வர நீ என்ன செய்தாய், அன்னூர் நிலத்தில் எங்கே நின்றாய், பன்னிரண்டு மணி நேரச் சட்டத்துக்குக் கை தூக்கினாயா, 2009இல் அருந்ததியருக்கு மூன்று சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது யார் பக்கம் பேசினாய் என்று கேட்டால் கிடைப்பது வரலாறு. ஒரே கட்சி ஒரு விடையில் இடதாகவும் மற்றொன்றில் வலதாகவும் வரலாம். அது சொற்களின் தோல்வி என்று எனக்குத் தோன்றவில்லை. கட்சியின் உண்மையான உருவம் அதில்தான் தெரிகிறது.

சோமனூர்க் கூலி மேசையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அங்கே இல்லாத ஒருவரை. உற்பத்தியாளருக்கு நாற்காலி உண்டு. தறி உரிமையாளருக்கு உண்டு. இரவு முழுக்கத் தறி ஓட்டுகிறவருக்கு அங்கே நாற்காலி இல்லை. அந்த மேசையில் பேசி முடிக்கும் தொகையிலிருந்துதான் அவருடைய வாரக்கூலி பிரிகிறது. அவருக்கு ஒரு நாற்காலி போடச் சொல்பவர் எந்தக் கொடி பிடித்தாலும் இடப்பக்கம். அது தேவையில்லை என்பவர் எந்தக் கொடி பிடித்தாலும் வலப்பக்கம். அந்த நாற்காலி போடப்படும் வரை இந்த இரு சொற்களுக்கும் இந்த மண்ணில் வேலை இருக்கிறது.